சித்தப்பாவுக்கு பி.சி.ஜி.!

சட்டைக் கையைக் கொஞ்சம் தூக்கி இடது தோளைப் பாருங்கள். சின்னதாக ஒரு தழும்பு இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது வீல் என்று கத்தினீர்களே, அதற்கான ரசீது. டி.பி. வராமலிருக்கப் போட்ட பி.சி.ஜி. ஊசி.

எங்கள் சித்தப்பாவுக்கு அதே சரக்கை 62 வயதில் மறுபடி கொடுத்தார்கள். தோளில் இல்லை ஸார்... மூத்திரப்பையில்!

ஒருநாள் சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி? துளிக்கூட இல்லை. "பீட்ரூட் சாப்பிட்டேன்டா" என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார். இந்த வியாதியின் அயோக்கியத்தனமே அதுதான். கடைசியில் சித்திதான் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே காமிரா விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்த டாக்டர், "கான்சர்தான். நல்லவேளை, சதைக்குள் இறங்கலை. திரும்ப வராமலிருக்க பி.சி.ஜி. கொடுக்கலாம்" என்றார்.

"எனக்கு கான்சரா, டி.பி.யா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க!" என்றார் சித்தப்பா.

நான் பி.காம். எனக்கும் கணக்கு டாலி ஆகவில்லை. விசாரித்தால், பிரமாதமான கதை. பிரான்ஸில் லீல் நகரத்தில் கால்மெட், கெரேன் என்று இரண்டு பேர். மாட்டு டி.பி. கிருமியை, மாட்டுப் பித்தநீரில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுக் கிழங்கு. 1908-ல் ஆரம்பித்து, பதின்மூன்று வருஷம்! நடுவில் முதல் உலகப் போர். ஊரே ஜெர்மன்காரன் கையில். இவர்கள் பாட்டுக்குக் கிழங்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுமார் 230 தடவை மாற்றியதில் கிருமி, பல் பிடுங்கின பாம்பாகிவிட்டது. 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் கிண்டியில் இதைத் தயாரிக்க 1948-லேயே ஒரு லேபரட்டரி வந்துவிட்டது.

1976-ல் கனடாவில் மொராலெஸ் என்ற டாக்டர், ஒன்பது நோயாளிகளுக்கு இதை மூத்திரப்பைக்குள் செலுத்தி, கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று எழுதினார். 1990-ல் அமெரிக்காவில் அனுமதி. விஷயம் இதுதான். கிருமி பையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் போலீஸ் படை லத்தியோடு ஓடிவரும். வந்த வேகத்தில், பக்கத்தில் நல்லபிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும் கான்சர் செல்லுக்கும் விழும் அடி!

வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். டியூப் வழியாக மருந்தை ஏற்றினால் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஆண்பிள்ளையும் உட்கார்ந்துதான் போகணும். ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் ஊற்றணும். உயிருள்ள கிருமியாச்சே! எரிச்சலும் காய்ச்சலும் உபரி.

இதற்கு மசியாத கேஸ்களில் பையையே எடுப்பதுதான் வழக்கம். அதைத் தவிர்க்கத்தான் புது ஆராய்ச்சியெல்லாம். ஜீனைச் சுமந்து போகும் வைரஸ் மருந்துக்கு 2022-லும், பி.சி.ஜி.யோடு சேர்த்துக் கொடுத்து போலீஸ் படையை உசுப்பும் இன்னொன்றுக்கு 2024-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சிகரெட் எத்தனை வருஷமா?" நெஞ்சுக்குத்தான் கெடுதல் என்று நினைக்கிறோம். புகையின் விஷம் ரத்தத்தில் கலந்து, கிட்னியில் வடிந்து, மூத்திரப்பையில் வந்து தங்குகிறது. 'மீட்டிங் முடியட்டும்' என்று நாம் அடக்கிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதுவும் உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த கான்சருக்கு முதல் காரணமே அதுதானாம்.

போன மாதம் சித்தப்பாவுக்கு மறுபடி காமிரா. சுத்தம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கணும். டீக்கடைக்கு அவரைத் தனியாக விடுவதில்லை. சித்தியும் கூடவே போய் ஒரு டீ சாப்பிடுகிறாள்.