வீட்டில்தானே இருக்கிறாள்

சென்ற வாரம் உம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இரவுக் கடமைக்கு வந்த தாதி என்னைக் கண்டதும், "சேர், என்னைத் தெரியுதா?" என்றாள். என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. உம்மாவுடன் கதைத்துக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்தாள்.

எனக்கு 2020 ஞாபகம் வந்தது. மார்ச்சில் ஊரடங்கு போட்டு, பல்கலைக்கழகங்களையும் மூடிய நேரம். தாதியர் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் அவள். பாடமெல்லாம் சூமில். ஒருநாள் போன் எடுத்து அழுதாள்.

"சேர், ஊசி போடுறதைப் போனில பார்த்துப் படிக்கிறன். நாளைக்கு நோயாளிக்கு முன்னால கை நடுங்கினா?"

"ஸப்ர் செய் மகள், எல்லாம் சரியாகும்" என்று வைத்துவிட்டேன். நல்ல வார்த்தைதான். ஆனால் அவளிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

அன்று கேட்காததைச் சென்ற வாரம் கேட்டேன்.

இரண்டு அறை வீடு. தம்பியோடு பங்கு போட்ட ஒரே போன். பல்கலைக்கழகப் பாடங்களுக்கு டேட்டாவை இலவசமாக்கியிருந்தார்கள். ஆனால் சிக்னல் குசினி வாசலில்தான். அந்த வருடம் நோன்பும் ஊரடங்குக்குள்தான் வந்தது. பாடம் நடக்கும்போதே, "வீட்டிலதானே இருக்கிறாய், கஞ்சிக்குத் தேங்காய் திருவித் தா" என்பார்களாம். தம்பியை யாரும் கூப்பிடுவதில்லை. இரவில் நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு. படிப்பை விட்டுவிடவும் யோசித்திருக்கிறாள்.

எப்படித் தாங்கினாள்? கூடப் படித்த நாலு பேர் இஷாவுக்குப் பிறகு தினமும் போனில் கூடியிருக்கிறார்கள். பாடம் பாதி, அழுகை பாதி. பார்மசியில் வாங்கிய சிரிஞ்சால் தோடம்பழத்துக்குத் தண்ணீர் ஏற்றிப் பழகினாள். மூத்தம்மாவின் கையில் நாடி பிடித்துப் பழகினாள். கடைசியில் வாப்பா ஒரு மூலையில் சீலை கட்டி, "புள்ள படிக்குது, ஒருத்தரும் கூப்பிடக் கூடாது" என்றாராம்.

"அந்தச் சீலைதான் சேர் என்னைக் காப்பாத்தினது."

"வார்டில் முதல் நாள் கை நடுங்கியதா?"

"நடுங்கினது சேர். மிஸ் பக்கத்திலேயே நின்டாங்க. பிறகு சரியாப் போயிட்டு."

ஒன்லைன் படிப்பு கொரோனாவோடு முடியவில்லை. இன்றும் நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், போனுக்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிறார்கள். போனில் இருந்தாலும் வகுப்பு வகுப்புத்தான். அந்த ஒரு மணித்தியாலம் அவர்களை விட்டுவிடுங்கள். அழுதால், புத்தி சொல்ல முன், என்ன நடந்தது என்று கேளுங்கள். இதை முதலில் எனக்குத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அல்லாஹ் அந்தப் பிள்ளையின் கைகளில் பறகத் செய்வானாக. ஆமீன்.