மகுவயர் அண்ணன்

எங்கட டீமின் வட்ஸ்அப் குரூப்பில் அண்ணனுக்கு ‘மகுவயர்’ என்று பெயர் வைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை.

போன வருடம் ஒரு நொக்அவுட் மெச். அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. எதிர் டீம் கோலி தூக்கி அடித்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி வருகிறது. அண்ணன் தலையால் எடுத்துவிடுவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினெட்டு வருடமாக எடுத்த பந்துதானே. அன்றைக்கு அது அவருடைய தலைக்கு மேலால் போய்விட்டது. அவர் கிறுகுவதற்குள் ஒரு சின்னப் பெடியன் அவரைத் தாண்டி ஓடிக் கோலைப் போட்டுவிட்டான். அன்றிரவே நான் ஹெரி மகுவயரின் படமொன்றுக்கு எங்கட ஜேர்சியை ஒட்டிக் குரூப்பில் போட்டேன். குரூப் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் அந்தக் குரூப்பில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

இந்த வருடத்துப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டும். கழகக் கூட்டத்தில் கேள்வி நேரடியாகவே வந்தது. முப்பத்தொன்பது வயது, பிரக்டிசுக்குப் பாதி நாள் வருவதில்லை, அண்ணனை வைத்திருப்பதா விடுவதா? நான் கழகத்தின் செயலாளர். அதோடு, அண்ணன் போனால் ரைட் பெக்கில் நிற்கும் நான்தான் நடுவுக்கு வருவேன். எனக்கு இதில் லாபம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேலிக்கு எடுத்த பெயர், கூட்டம் முடிந்த பிறகு என்னை விடவேயில்லை. உண்மையான மகுவயருக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன்.

2019 ஓகஸ்டில் மன்செஸ்டர் யுனைடெட் அவரை லெஸ்டர் சிற்றியிடமிருந்து 80 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. ஒரு டிபெண்டருக்கு அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அடுத்த ஜனவரியில் கெப்டன். பிறகு இறக்கம் தொடங்கியது. 2022 ஓகஸ்டில் பிரென்ட்ஃபோர்ட்டிடம் 4-0 தோல்வி, நாலு கோலும் முதல் 35 நிமிடத்துக்குள். அடுத்த மெச் லிவர்பூலோடு. கோச் டென் ஹாக் கெப்டனை பென்ச்சில் இருத்திவிட்டு வரானையும் லிசான்ட்ரோ மார்டினஸையும் நிறுத்தினார், யுனைடெட் 2-1 வென்றது. அதற்குப் பிறகு யார் மகுவயரைத் தேடப்போகிறார்கள்? 2023 ஜூலையில் கெப்டன் பட்டியும் கையை விட்டுப் போனது. அடுத்த மாதம் வெஸ்ட் ஹாமுக்கு விற்க விலை பேசி, கடைசியில் அது சரிவரவில்லை. செப்டம்பரில் இங்கிலாந்துக்காக விளையாடப்போய், ஸ்கொட்லாந்தில் வைத்துத் தங்கட கோலுக்கே அடித்தார். மகனை விடுங்கோ என்று அவருடைய தாய் பகிரங்கமாகக் கேட்கிற அளவுக்கு வந்தது நிலைமை.

கானா நாட்டுப் பாராளுமன்றத்தில்கூட இந்தக் கேலி போனது. 2022 கடைசியில் ஐசக் அடொங்கோ என்ற எம்பி, நாட்டின் பொருளாதாரத்தைக் கொண்டு நடத்துகிறவர் மகுவயர் மாதிரி என்று சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தார். அதாவது, தடுக்க வந்தவரே தன் கோலுக்குள் அடிக்கிறார் என்று. ஒரு வருடம் கழித்து அதே அடொங்கோ அதே சபையில் எழும்பி மகுவயரிடம் மன்னிப்புக் கேட்டார். மகுவயர் திருந்திவிட்டார், எங்கட ஆள்தான் திருந்தவில்லை என்பது அவருடைய கதை. அந்த மன்னிப்பு வந்த 2023 நவம்பரில் பிரீமியர் லீக்கின் மாதத்துக்கான சிறந்த வீரரும் மகுவயர்தான்.

அவரை வெளியே இருத்திவிட்டு நிறுத்திய இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். வரான் முழங்கால் காயத்தோடு 2024 செப்டம்பரில், 31 வயதில் விளையாட்டையே விட்டுவிட்டார். மகுவயரைவிட ஒன்றரை மாதம் இளையவர். மார்டினஸுக்கு 2025 பெப்ரவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. விற்கப்பார்த்த ஆள்தான் மிஞ்சி நின்றார். ஜனவரியில் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டியும் இருந்தார்கள்.

இந்த ஒப்பீடு ஒரு காலால் நொண்டும் என்று எனக்குத் தெரியும். மகுவயரை முடிந்த ஆள் என்று சொன்னபோது அவருக்கு முப்பதுதான். தியாகோ சில்வா 36 வயதுக்குக் கிட்ட செல்சிக்குப் போய் 2021இல் சம்பியன்ஸ் லீக் வென்றார், மல்டினி 40 வயதுவரை மிலானுக்கு விளையாடினார் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் சில்வாவும் மல்டினியும் இரவு முழுக்கத் தோணியில் இருந்து வலை இழுத்துவிட்டுக் காலையில் மெச்சுக்கு வரவில்லை.

அண்ணன் எங்கட ஊர்க்காரர் இல்லை. படுவான்கரை ஆள். 2007இல் அந்தப் பக்கம் சண்டை நடந்து சனம் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து வந்தபோது வந்தவர். மண்முனைப் பாலம் அப்போது இல்லை, அது 2014இல்தான் திறந்தது. முகாமில் இருந்த நேரம் பின்னேரத்தில் எங்கட கிறவுண்டுக்கு வந்து கரையில் நின்று பார்ப்பாராம். ஒருநாள் ஆள் குறைவு என்று இறக்கியிருக்கிறார்கள். பிறகு இங்கேயே கலியாணம் முடித்து, இங்கேயே ஆற்றுத் தொழில். எனக்குப் பத்து வயதில் பந்தை நெற்றியால் அடிக்கவேண்டும், உச்சந்தலையால் இல்லை என்று காட்டித் தந்ததும் அவர்தான். இதையெல்லாம் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது பொருளாளர், “பாவம் பாத்து டீம் போடேலாது” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். நன்றிக்கடனுக்குப் பொன்னாடை போர்த்தலாம். ஜேர்சி கொடுக்க வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் எனக்குக் கிடைத்தது கூட்டத்தில் இல்லை, சித்திரை வருசம் முடிந்த கிழமையில். ஏப்ரல் 17 இரவு யுனைடெட்டுக்கும் லியோனுக்கும் யூரோப்பா லீக் காலிறுதி, இரண்டாவது மெச். எங்களுக்கு 18 விடியப்புறம். வீட்டில் சிக்னல் இல்லை என்று தோணித்துறையில் போய் இருந்து பார்க்கிறேன். மூன்று மணியாகப்போகிறது. மேலதிக நேரத்தில் லியோன் 4-2 முன்னுக்கு. அண்ணன் வலையோடு வந்தார்.

“என்ன மனே, படுக்கல்லயா?”

“மெச் அண்ண.”

குனிந்து போனைப் பார்த்தார். “இந்தத் தடியன் ஆரு? பெக் மாதிரி இரிக்கான், முன்னுக்கு நிண்டு என்ன செய்றான்?”

“பெக்தான் அண்ண. கோல் வேணும் எண்டு கோச் முன்னுக்கு அனுப்பி இரிக்காரு.”

“பேரென்ன?”

நான் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னேன்.

“ஓ,” என்றார். “என்ட பேரு.”

எனக்கு மேலெல்லாம் வேர்த்தது. அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தினார். பெனால்டியில் ஒன்று போட்டு 4-3 ஆகியிருந்தது. 120ஆவது நிமிடத்தில் மெய்னூ அடித்து 4-4. அடுத்த நிமிடம் கசெமிரோ தூக்கிப்போட்ட பந்துக்கு மகுவயர் எழும்பித் தலையால் வைத்தார். 5-4. நான் கத்தினேன். துறையில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது. அண்ணன் கத்தவில்லை. “பந்து வாறத்துக்கு முன்னமே இடத்துக்குப் போய்ட்டான் பாத்தயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோணியைத் தள்ளினார். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகுதான் மகுவயர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன். டென் ஹாக்குக்கு பெக் லைன் மேலே ஏறி நிற்கவேண்டும். பின்னால் விழும் பந்துக்குக் கிறுகி ஓடவேண்டும். மகுவயருக்கு அது என்றைக்குமே வராது, 80 மில்லியன் கொடுத்த நாளிலும் வராது. 2024 நவம்பரில் வந்த அமோரிம் மூன்று பெக் நிறுத்தினார். பெரும்பாலும் நடுவில் மகுவயர், இரண்டு பக்கமும் ஓடுவதற்கு ஆள். கால் அதே கால். ‘ஃபோம் இல்லை’ என்று நாங்கள் சொல்வதில் பாதி, அவரை நிறுத்திய இடத்தின் பிழை.

எங்கட அரையிறுதியும் அப்படித்தான். போன வருடம் டீம் முழுக்க மேலே ஏறி விளையாடவேண்டும் என்று நின்றது நாங்கள், கம்பஸ் பெடியள். யூடியூப் பார்த்து வந்த ஆசை. அந்தப் பந்து அண்ணனின் தலைக்கு மேலால் போகும்போது, அவருக்குப் பின்னால் வந்து மூடவேண்டிய ரைட் பெக் எதிர் டீமின் பாதியில் நின்றான். அந்த ரைட் பெக் நான். எனக்கு யாரும் படம் போடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மகுவயரை வைத்திருந்ததால் யுனைடெட் ஒன்றும் பெரிதாக மேலே வரவில்லை. லீக்கில் 15ஆம் இடம், யூரோப்பா இறுதியிலும் டொட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி. எங்கட டீமிலும் பதினேழு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். உயரம், வேகம், இரண்டு காலும் வரும். அண்ணனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுடைய நிமிடம். அண்ணனை வைத்திருக்கச் சொல்கிறவர்கள் அவனுக்கு முகம் கொடுத்து அதைச் சொல்லவேண்டும். நான் சொன்னேன். அவன் காலணியின் லேசைப் பார்த்துக்கொண்டு “சரி அண்ண” என்றான், அது சரியே இல்லை என்பது எனக்கும் விளங்கியது.

இரண்டாவது கூட்டத்தில் நான் கேட்டது இது. மூன்று பெக் நிறுத்துவோம். நடுவில் அண்ணன், வலப்பக்கம் நான், இடப்பக்கம் தம்பி. இடைவேளையோடு அண்ணனை எடுத்துவிட்டுத் தம்பியை நடுவுக்குக் கொண்டுவருவோம். கெப்டன் பட்டி வேறு ஆளுக்கு. யுனைடெட் செய்ததில் எனக்குச் சரியாகத் தெரிந்தது அது ஒன்றுதான், பட்டியை எடுத்த ஆளுக்கே பிறகு இடத்தைத் திரும்பக் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாததால்தான் அவரால் தலையை நிமிர்த்தி விளையாட முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு நாலு வாக்கில் நின்றது. பொருளாளர் இன்னமும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. படத்தைக் குரூப்பில் அழித்துவிட்டேன், பெயர்தான் போகவில்லை. கரையில் நிற்கும் சின்னப் பெடியள் இப்போது அண்ணனுக்கு முன்னாலேயே “மகுவயர் அண்ண” என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேலி பண்ணவில்லை, அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் கொடுக்கவேண்டும். பதினேழு பேரின் விபரம் எழுதியாயிற்று. அண்ணனின் அடையாள அட்டை இலக்கம் மட்டும் இல்லை. அதைக் கேட்கப் பின்னேரம் துறைக்குப் போகிறேன். பட்டி விஷயத்தை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. செயலாளர்தான் சொல்லவேண்டுமாம்.