ஹைதராபாத்தில் மூன்று நாள்: அம்மாவும் ஊர் பார்க்கலாம்!

குடும்பத்தோடு ஒரு பெரிய நகரத்துக்குப் போனால் நம் கதி என்ன? பைகளுக்குக் காவல், குழந்தைகளுக்குத் தண்ணீர். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். அதனால் ஹைதராபாத் கிளம்புமுன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன்: "ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். பையைப் பார்த்துக்கிறதும் முறை வச்சுத்தான்." மாமியாருக்கு முழங்கால் வலி; அவருக்கும் இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது.

முதல் நாள் சார்மினார். முகமது குலி குதுப் ஷா 1591-ல் கட்டியது. உள்ளே குறுகலான சுழல் படிகள். முதலில் கணவரும் பிள்ளைகளும் ஏறினார்கள். அவர்கள் இறங்கியதும் நான் ஏறினேன்.

பக்கத்திலேயே லாட் பஜார். அப்பப்பா, எத்தனை வளையல்! அரக்கைக் கரி அடுப்பில் இளக்கி, உருட்டி, சூடு ஆறுமுன் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். அதைப் பார்த்தபின் அடிமட்ட விலைக்குக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நியாயமாகப் பேரம் பேசி வாங்கினேன். அளவுக்கு ஒரு பழைய வளையல் எடுத்துப் போங்கள். அரக்கு வளையலைப் போட்டுக்கொண்டு வெந்நீரிலோ அடுப்பருகிலோ வேலை செய்யாதீர்கள், இளகிவிடும்.

இரண்டாம் நாள் சாலார் ஜங் மியூசியம். வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். மகாத்மா காந்தி பஸ் நிலைய மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். அங்குள்ள கடிகாரத்தில் மணிக்கொரு தடவை ஒரு குட்டி பொம்மை வெளியே வந்து மணி அடிக்கும். 'முகத்திரை ரெபெக்கா' பளிங்குச் சிலை இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கியது. கல்லிலே மெல்லிய துணியை எப்படித்தான் கொண்டு வந்தாரோ! கால் கடுக்காமல் நின்று பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. பிறகு பத்தர்கட்டியில் முத்துக் கடைகள். அசல் முத்தைப் பல்லில் லேசாகத் தேய்த்தால் நறநறவென்றிருக்கும், போலி வழுக்கும். நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்குவதே நல்லது.

சாப்பாடு? காலையில் உப்புமா வைத்த பெசரட்டு. மாலையில் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். கோங்குரா நம் புளிச்சக்கீரைதான். ஆனால் காரம் தலைக்கேறும்! குழந்தைகளுக்குத் தயிர் சாதம் கேட்டு வாங்கிவிடுங்கள். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தைச் சர்க்கரையோடு வேகவைத்துச் செய்யும் குபானி கா மீட்டாவை மாமியார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

மூன்றாம் நாள், வெயிலுக்கு முன் கோல்கொண்டா. உச்சிக்கு ஏறத்தாழ 360 படிகள். மாமியாரோடு கணவர் கீழே தங்கிவிட்டார். பிள்ளைகளோடு மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து நான் ஏறினேன். வாசல் மண்டபத்தில் கை தட்டினால் உச்சிவரை கேட்குமாம். பகைவர் வருவதைச் சொல்ல அந்தக் காலத்து ஏற்பாடு. கூட்டம் சற்று அடங்கிய நேரத்தில் 'டப் டப்' என்று மெல்லியதாக ஒரு சத்தம்! "அப்பாதான்!" என்று குதித்தாள் மகள். எத்தனையோ ஊர்களில் கீழே உட்கார்ந்து காத்திருந்தவள் நான். அன்று மேலே நின்று கேட்டேன்.

சகோதரிகளே, கைக்குழந்தை இருந்தால் நாளுக்கு ஓர் இடம் போதும். காய்ச்சி ஆறிய தண்ணீர், பழகின செருப்பு, ஒரு துண்டு மறக்காதீர்கள். இடங்களைக் குறையுங்கள், ஆனால் பார்ப்பவர்கள் பட்டியலிலிருந்து உங்களை மட்டும் குறைத்துவிடாதீர்கள்!