மூச்சும் பேச்சும்

விசைத்தறியோடு 32 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாங்கள். திருச்செங்கோட்டின் புறத்தே, எங்கள் வீட்டை ஒட்டிய பட்டறையில் எட்டுத் தறிகள் ஓடின. தறி ஓடும் இடத்தில் பேச்சுக்கு இடமில்லை என்பதை அத்தொழில் அறிந்தோர் அறிவர். நூல் அறுந்தால் விரலைக் காட்டுவோம். சாப்பாட்டுக்கு அழைப்பதானால் கையை வாயருகே கொண்டுபோவோம். தறிகள் நின்ற பின்னரும் அந்தச் சைகை வாழ்க்கை வீட்டுக்குள்ளும் நீடித்தது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சும் இல்லை. அதனை அமைதி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

எங்களுள் மூத்தவருக்கு 60 வயது நிறைந்த ஆண்டில் நெஞ்சுவலி கண்டது. இதயக் குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இளையவருக்கோ சில ஆண்டுகளாகவே சர்க்கரை நோய். சோதனைகள் யாவும் முடிந்த பிறகு, "இருவரும் நாள்தோறும் அரை மணி நேரம் சற்று வேகமாக நடக்க வேண்டும்" என்று மருத்துவர் பணித்தார். எவ்வளவு வேகம் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் ஊர் மலையை வாசகர் பலர் அறிந்திருப்பர். அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட அம்மலைக்கு வாகனச் சாலையும் உண்டு. ஏறத்தாழ 1,200 படிகள் கொண்ட படிவழியும் உண்டு. விடியற்காலையில் இளைஞர் பலர் உடற்பயிற்சிக்காகவே அப்படிகளில் ஏறி இறங்குவர். வேகம் என்றால் அதுதான் போலும் என்று கருதி நாங்களும் ஒருநாள் ஏறத் தொடங்கினோம். பாதி வழிகூடச் செல்லவில்லை. மூத்தவருக்குக் கண் இருண்டது. அங்கிருந்த மண்டபத்தின் நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம்.

மறுநாள் மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் பொறுமையாக மூன்று அளவுகோல்களைக் கற்றுக்கொடுத்தார். அவை பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது நாடி. நம் நாட்டு வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பது பழைய வழக்கம். நாடி எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை 1707-ஆம் ஆண்டிலேயே ஜான் ஃபிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர் தமது நூலில் விளக்கியிருக்கிறார். நடந்து நின்றவுடன், கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, 15 விநாடிக்கு எண்ணி, அதனை நான்கால் பெருக்க வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். கட்டைவிரலால் பார்க்கலாகாது, அதிலும் துடிப்பு உண்டு. 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு உத்தேசமாகக் கிடைக்கும். 60 வயதினருக்கு அது 160. அதில் பாதி முதல் நூற்றுக்கு 70 பங்கு வரை, அதாவது 80 முதல் 112 வரை இருந்தால் அது மிதமான உழைப்பு.

இக்கணக்கு சராசரியே, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடலாம், குறையலாம். மேலும், இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் கொடுக்கப்படும் மாத்திரைகளுள் சில துடிப்பையே அடக்கி வைப்பவை. எங்கள் மூத்தவர் உண்பதும் அத்தகைய மாத்திரையே. அவர் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நாடி அதற்கேற்ப ஏறாது. ஆகவே இவ்வளவுகோல் அவருக்கு உதவாது என்று மருத்துவர் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

இரண்டாவது, உடலையே கேட்பது. சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் போர்க் என்பார் 6 முதல் 20 வரை எண்ணிட்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். சும்மா இருத்தல் 6. இனி ஓர் அடியும் இயலாது என்னும் நிலை 20. நடப்பவர் தம் களைப்பைத் தாமே மதிப்பிட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். 12 அல்லது 13 என்று தோன்றினால் மிதமான உழைப்பு. சித்திரை வெயிலில் அதே பாதை, அதே நடை, ஆனால் எண் மட்டும் ஏறிவிடும். வெயிலும் மேடும் உறக்கமின்மையும் இவ்வெண்ணில் சேர்ந்துவிடுகின்றன. இதுவே இதன் சிறப்பு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் எளியது: பேச்சு. நடந்துகொண்டே பாட முடிகிறதா? நடை போதாது. பாட முடியவில்லை, ஆனால் தடையின்றிப் பேச முடிகிறதா? அதுவே மிதமான வேகம். நான்கைந்து சொற்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிற்க நேர்கிறதா? அது கடும் உழைப்பு; நோயுற்றவர் மருத்துவர் அனுமதியின்றி அங்கே போகலாகாது. பேசுவதற்கு வெளிமூச்சை நிதானமாக விட வேண்டும். உழைப்பு ஓர் எல்லையைக் கடந்ததும், கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு விரைகிறது. அப்போது சொற்களுக்கென மூச்சு மிஞ்சுவதில்லை. நடக்கும்போது செபமாலை சொல்லும் வழக்கமுள்ளவர்களுக்கு அச்செபமே போதும். வாய்விட்டுச் சொல்ல இயலாதபோது நடையைத் தளர்த்த வேண்டும் என்று பொருள்.

"ஆகவே இருவரும் பேசிக்கொண்டே நடங்கள்" என்று மருத்துவர் எங்களை அனுப்பிவைத்தார்.

மறுநாள் விடியலில், பௌர்ணமி நாளில் மக்கள் மலையை வலம் வரும் அச்சாலையின் சமதரையில் நடந்தோம். அப்போதுதான் அறிந்தோம், எங்களிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை! அளவுகோல் கையில் இருந்தது. அளக்கப் பேச்சு இல்லை. முதல் வாரம் ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம். அடுத்த வாரம் கடையில் வாங்க வேண்டியவற்றைச் சொன்னோம். பிறகு பழைய கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டிவந்த புதிதில் முதல் பாவு ஓட்டிய நாள், மறைந்த மாமியாரின் கைப்பக்குவம், வெளியூரில் இருக்கும் மகனின் கடிந்த சொல் ஒன்று.

ஒருநாள் சிறு மேட்டில் ஏறும்போது இளையவர் கேட்டார்: "ஏனுங்க, தறிகளைக் கொடுத்துவிடலாமுங்களா?"

அக்கேள்வி ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருந்தது. கூலி கட்டவில்லை, ஆள் கிடைக்கவில்லை. பட்டறை கடனில் ஓடியது. இருவரும் அறிந்திருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்தவர் விடை சொல்ல வாயெடுத்தார். இரண்டு சொல்லுக்கு மேல் மூச்சு வரவில்லை. மேடோ மனமோ, இன்னதென்று எங்களுக்குத் தெரியாது. நடையைத் தளர்த்தினோம். மூச்சுத் திரும்பிய பிறகு, வீடு வந்து சேரும்வரை பேசினோம். தந்தை கையால் பூட்டிய தறிகளை இரும்பு விலைக்குக் கொடுப்பதா என்று அவர் கலங்கியதும், அவரைவிடத் தறி பெரிதல்ல என்று இவர் சொன்னதும் அன்றுதான்.

ஆறு தறிகளைக் கொடுத்துக் கடனைத் தீர்த்தோம். இரண்டு இன்னும் பகலில் மட்டும் ஓடுகின்றன.

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உழைத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. தமிழக அரசும் 2023 நவம்பரில், 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தில் மாவட்டங்கள்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. தூரத்தைப் பிறர் அளந்து கொடுக்கலாம். மூச்சை அவரவரே அளந்துகொள்ள வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, இடக்கையிலோ தாடையிலோ வலியோ, தலைச்சுற்றலோ கண்டால் எந்த அளவுகோலும் வேண்டா. உடனே நின்று 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரைக்கு மருந்து உண்போர் சட்டைப்பையில் இனிப்பு ஏதேனும் வைத்திருத்தல் நல்லது.

தொடக்கத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கிய அதே மேட்டில் இப்போது ஒரு கதையை முழுமையாகச் சொல்லிவிடுகிறோம். உடல் தேறியதன் அடையாளம் அது என்றும், இனிச் சற்று வேகம் கூட்டலாம் என்றும் மருத்துவர் சொல்கிறார். கூட்டுவோம். ஆனால் பேச்சு நின்றுவிடாத அளவுக்கே கூட்டுவோம்.