தட்டை மூடி

டிரங்குப் பெட்டி என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில், பெயின்ட்டில் பெயர் எழுதிய தகரப் பெட்டிதானே? பிரான்ஸில் அதற்கு ஒரு பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. நூறு வருஷப் பழசாக ஒன்று கிடைத்தால் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகிறது. வாங்கியவர் அதை ஹாலில் போட்டு, மேலே காபிக் கோப்பை வைக்கிறார்!

அந்தப் பெட்டிகளைச் செய்தவர்களின் கதைதான் சுவாரஸ்யம். அவர்கள் வெறும் பெட்டிக்காரர்கள் இல்லை. 19-ம் நூற்றாண்டுப் பாரீஸில், சீமாட்டிகளின் குடை போன்ற கவுன்களைக் கசங்காமல் அடுக்கிக் கொடுப்பதும் அவர்கள் தொழில்தான். அந்த வேலைக்கு வந்த ஒரு பையன், 1821-ல் ஜூரா மலைப்பக்கம் பிறந்த லூயி வுய்ட்டன். பதின்மூன்று பதினாலு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 1837-ல் பாரீஸ் சேர்ந்தார். மரேஷால் என்பவரிடம் வேலை பழகி, மகாராணி யூஜெனியின் துணிமணி அடுக்கும் அளவுக்கு உயர்ந்து, 1854-ல் தனிக்கடை போட்டார்.

அதுவரை பெட்டி மூடிகள் கூன் விழுந்திருக்கும். குதிரை வண்டிக் கூரையில் மழைத்தண்ணீர் வழிந்தோட அது வசதி. ஆனால் ரயிலும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடிய வேண்டாமா? 1858-ல் வுய்ட்டன் தட்டை மூடியோடு, எடை குறைந்த பாப்லர் மரத்தில், தண்ணீர் புகாத சாம்பல் நிறக் கான்வாஸ் ஒட்டிய பெட்டியைக் கொண்டுவந்தார். அவ்வளவுதான் சமாசாரம். போர்ட்டரின் கஷ்டம் புரிந்த ஆள்.

அதே பாரீஸில் கொயார், மொய்னா என்று போட்டிக் கடைகள். மொய்னாவின் பெயருக்குச் சொந்தக்காரர் பொலின் மொய்னா என்ற பெண்மணி. பிற்பாடு கார்கள் வந்தபோது, கூரையின் வளைவில் பொருந்துகிற மாதிரி பெட்டியின் அடிப்பக்கத்தையே வளைத்தார்கள் அந்தக் கடைக்காரர்கள்.

வுய்ட்டனின் பெட்டி ஓஹோவென்று போனதும் எல்லோரும் காப்பியடித்தார்கள். சாம்பல் நிறத்தை விட்டு 1872-ல் கோடு போட்டார்; 1888-ல் கட்டம் போட்டார். ஊஹூம். 1896-ல் மகன் ஜார்ஜ், 'இனி எப்படி அடிக்கிறீர்கள் பார்க்கலாம்' என்று அப்பாவின் இனிஷியலையும் பூக்களையும் கோத்து ஒரு டிசைன் போட்டார். இன்று உலகத்து நடைபாதைகளில் எல்லாம் கூவிக் கூவி விற்கும் டூப்ளிகேட் ஹேண்ட்பேக்குகளில் இருப்பது அதேதான்.

அப்பா 1892-லேயே போய்விட்டார். தன் பெயரை ஊர் தோளில் மாட்டித் திரிவதை அவர் பார்க்கவில்லை. அவர் தந்தது தட்டை மூடி. அடுத்த தடவை சூட்கேஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, நடந்தே வந்த அந்தப் பையனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.