சிறு துளையும் பெருங்கடலும்

வடசென்னையின் கடற்கரை உழைப்பாளிகளின் கரை. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட இராயபுரம், விடியுமுன்பே ஏலக்குரல் கேட்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தொழிற்சாலைகள் சூழ்ந்த திருவொற்றியூர், ஆறும் கடலும் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் என அது வடக்கே நீண்டு செல்கிறது. கடல் அரித்த இடங்களில் கருங்கற்களைக் கொட்டிக் கரையைக் காத்திருக்கிறார்கள். மரக்கலம் என்னும் சொல்லோடு இணைத்துப் பேசப்படும் மரக்காயர் மரபினரைத் தம்முள் கொண்ட நம் சமுதாயத்திற்குக் கலமும் கடலும் அந்நியமானவை அல்ல.

ஒருகாலத்தில் இக்கரையில் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரங்களே மிகுதி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகள் பெருகின. பைபர் படகில் ஓட்டை விழுந்தால், சுற்றுப்புறத்தைத் தேய்த்துச் சரித்து, கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி இறுக விடுகிறார்கள்.

காற்றடைத்த ரப்பர் படகின் கதை வேறு. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும், மீனவர்கள் கொண்டுவந்த பைபர் படகுகளோடு மீட்புப் படையினரின் ரப்பர் படகுகளும் சென்னைத் தெருக்களில் மிதந்ததை நாம் மறக்க இயலாது. கலங்கிய நீருக்கடியில் மறைந்திருக்கும் வேலிக்கம்பியும் உடைந்த கண்ணாடியும் இப்படகுகளுக்குப் பகை. எனினும் ஓரிடத்தில் பஞ்சரானால் படகு உடனே மூழ்கிவிடாது. உள்ளே தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால், ஓர் அறை தளர்ந்தாலும் மற்றவை தாங்கிக் கொள்ளும். கரை சேர்வதற்குக் கிடைக்கும் அவகாசம் அது.

துளையைக் கண்டுபிடிக்கும் வழியை நம் தெருச் சைக்கிள் கடையிலேயே பார்த்திருப்போம். படகில் காற்றடைத்து, சோப்பு நீரைத் தடவினால், துளையுள்ள இடத்தில் குமிழி எழும். காற்றடைக்கும் வால்விலும் தடவிப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் கசிவு அங்கேதான் இருக்கும். குமிழி எழுந்த இடத்தில் அடையாளமிட்டு, காற்றை இறக்கி, நல்ல நீரில் உப்பைக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும்.

ஆனால் சைக்கிள் கடைச் சொல்யூஷன் இங்கே நிலைக்காது. சில படகுகள் பிவிசி துணியாலும், சில ஹைப்பலான் என்னும் செயற்கை ரப்பர் பூசிய துணியாலும் ஆனவை. படகு எந்த வகையோ அதே வகைத் துணியும், அதற்குரிய பசையும் தேவை. துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் மிகுந்திருக்குமாறு துண்டை வட்டமாக வெட்ட வேண்டும். மூலை இருந்தால் அங்கிருந்துதான் ஒட்டு பெயரத் தொடங்கும். ஹைப்பலானை உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். உரிய திரவத்தால் துடைத்தபின் அவ்விடத்தை விரலால் தொடலாகாது. இரு பக்கத்திலும் பசையை மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசி, துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் அழுத்தினால் உள்ளே காற்று தங்காது. அதன்பின் ஒருநாள் முழுதும் பொறுத்த பிறகே காற்றடைக்க வேண்டும்.

கடலோரத்தில் இதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈரக்காற்று பசைக்கு எதிரி. ஆகவே அதிகாலையும் மழைநாளும் உகந்தவை அல்ல. சுடும் வெயிலில் பசை துண்டை வைக்குமுன்பே காய்ந்துவிடும். வெயில் ஏறிய பின், காற்றோட்டமுள்ள நிழலே ஏற்ற இடம். பசையின் நெடி கெடுதியானது. அடைத்த அறையிலும் அடுப்பருகிலும் பிள்ளைகள் பக்கத்திலும் இவ்வேலையைச் செய்யலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய பகை எண்ணெய்தான். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஒட்டு பிடிக்காது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியபோது, மக்கள் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை நிறைத்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்களின் பிழைப்பு நின்றது. ரப்பரில் விழுந்த துளைக்கு மருந்து உண்டு. ஆற்றின் மேல் படிந்த எண்ணெய்க்கு எந்தத் துண்டை ஒட்டுவது?

ஒரே கப்பலில் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணம் செய்வோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாகக் காட்டியதை நாம் அறிவோம். தண்ணீருக்காகக் கீழ்த்தளத்தார் தம் பகுதியில் துளையிட முனையும்போது, மற்றவர் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். வாளாவிருந்தால் அனைவரும் மூழ்குவர். எண்ணூர்க் கரையில் நின்று பார்ப்போர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. துளை சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடுவது படகுக்கு மட்டுமன்று, ஊருக்கும் நல்லது.