தரையைப் பதப்படுத்துகிறவர்கள்

தை மாதத்தில் மரக்காணம் உப்பளத்துக்குப் போனால் உப்பைப் பார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீரும் சேறும்தான் பாத்திகளில் கிடக்கும். தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, சரிந்த வரப்புகளைக் கட்டுகிறார்கள். பிறகு பாத்திக்குள் இறங்கி, நெருக்கமாக அடி வைத்து வெறுங்காலால் மிதிக்கிறார்கள். தரை இறுகவில்லை என்றால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும்.

நான் போயிருந்தபோது மிதிப்பு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் சற்று உட்கார்ந்த ஓர் அம்மாவின் பாதங்களில் வெடிப்பு ஆழமாக இருந்தது. உப்புநீர் அதற்குள் இறங்கும்போது எரியும் என்றார். "உப்பு வாரும்போது போட்டோ எடுக்க நெறைய பேரு வருவாங்க தம்பி. மிதிக்கிறத யாரும் பாக்க வர மாட்டாங்க. ஆனா இதுக்கும் கூலி உண்டு. இது இல்லாம அது ஏது?"

மழைக்காலத்தில் இங்கே வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வேலை இல்லாத நாளிலும் வேலை தெரிந்தவர்கள் வாழ வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தத் தொகை. போதுமா என்பது வேறு கேள்வி.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு அது. கலையையே தொழிலாகக் கொண்டவர்கள் பசியோடு புரவலரைத் தேடி நடந்த கரை இது. அந்த நினைப்போடுதான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, இதே விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்திலுள்ள இரும்பைக்குப் போனேன். ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பூமி. அங்கேதான் ஆதிசக்தி நாடகக் குழு இயங்குகிறது.

அதை உருவாக்கியவர் வீணாபாணி சாவ்லா. மும்பையில் ஆசிரியையாக இருந்தவர், 1981இல் குழுவைத் தொடங்கினார். கிரேக்க நாடகங்களை இயக்கிய அவருக்கு, இந்திய நடிகரின் உடலுக்கும் குரலுக்கும் உரிய பயிற்சி எது என்ற கேள்வி விடாமல் இருந்தது. சாவ் நடனம், களரிப்பயட்டு, கூடியாட்டம் என்று ஒவ்வொன்றையும் அவற்றின் ஆசான்களிடம் போய்த் தேடினார். டென்மார்க்கில் யூஜெனியோ பார்பாவின் ஓடின் அரங்கிலும் கற்றார். 1993இல் மும்பையை விட்டுப் புதுச்சேரிப் பக்கம் வந்தார். பெருநகரத்தையும் அதன் பார்வையாளர்களையும் விட்டுவிட்டு ஓர் இயக்குநர் இப்படி வருவது சாதாரண முடிவல்ல. நடிகர்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து சமைத்து, ஆண்டுக்கணக்கில் உழைக்க ஓர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த உழைப்பிலிருந்து பீமனைப் பற்றியும் அர்ச்சுனன் பூண்ட பிருகன்னளை வேடத்தைப் பற்றியும் படைப்புகள் பிறந்தன. இரண்டிலும் நடித்தவர் வினய் குமார். மேடைமொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பீமனும் அர்ச்சுனனும் அந்நியர் அல்லர். கூத்துக்காரர் கட்டை கட்டிக் கிறுகி ஆடும் ஆட்டத்துக்கும் இந்தப் பயிற்சிக்கும் அடிப்படை ஒன்றே: உடம்பு முதலில் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சியில் என்னைக் கட்டிப்போட்டது மூச்சு. கூடியாட்ட மரபிலிருந்து எடுத்த முறை அது. கோபத்துக்கு ஒரு மூச்சு, சோகத்துக்கு ஒரு மூச்சு என ஒன்பது ரசங்களுக்கும் தனித்தனி மூச்சு. முகத்தைச் சுளிக்காமல் மூச்சின் போக்கை மட்டும் மாற்றும்போது கண் தானாகச் சிவக்கிறது. கேரளத்துத் தோல்கருவியான மிழாவை நடிகர்களே வாசித்து, அதன் தாளத்தை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். இதில் ஒன்றுகூடச் சில நாளில் கைவருவதில்லை. இதுவும் மிதிப்புதான்.

2014 நவம்பரில் வீணாபாணி காலமானார். ஒருவரைச் சுற்றி வளர்ந்த குழு அவரோடு முடிந்துவிடுவதை நம் நாடக உலகம் பலமுறை பார்த்திருக்கிறது. ஆதிசக்தி முடியவில்லை. வினய் குமார் பொறுப்பேற்றார்; நிம்மி ரஃபேல் எழுதி இயக்கி நடிக்கிறார்; பயிற்சி முகாம்களுக்கு வெளியூர்களிலிருந்து நடிகர்கள் வருகிறார்கள். வீணாபாணி பெயரில் நினைவு விழா நடக்கிறது. மேடையேற்றிய படைப்புகளைவிடப் பெரிதாக அவர் விட்டுச் சென்றது, தான் இல்லாமலும் உழைக்கத் தெரிந்த மனிதர்களை.

நம் ஊர் நவீன நாடகக்காரர்களிடம் திறமைக்குக் குறைவில்லை; இப்படிச் சேர்ந்து உழைக்க இடமும் காலமும்தான் இல்லை. பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் கிடைத்த மொட்டைமாடியில் ஒத்திகை செய்கிறார்கள். உதவ முன்வருவோர் அரங்கேற்ற நாளுக்கு மட்டும் பணம் தருகிறார்கள். மேடை விளக்குக்கு வாடகை கிடைக்கிறது; ஆறு மாத ஒத்திகைக்கு ஒரு வேளைச் சோறுகூடக் கணக்கில் வருவதில்லை. இது மாற வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பயிற்சிக்கூடம், நடிகருக்கு ஒத்திகை நாளுக்கும் ஊதியம். நாடகத்தை நேசிப்பதாகச் சொல்லும் அரசும் அறக்கட்டளைகளும் முதலில் தர வேண்டியது இவ்விரண்டையும்தான்.